பெரியப்பாவின் 20,000 ரூபாயும் நண்பனின் வாலட்டும்

பி.காம் படிக்கிறவனுக்கு கிரிப்டோ வாலட்டைப் பற்றி என்ன தெரியும் என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆனால் நான் இந்த விஷயத்தைத் தேடிப் போகவில்லை. அதுவாக என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தது.

பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்த நண்பன் இப்போது பி.சி.ஏ. கடைசி வருடம். போன மாதம் திண்டுக்கல்லில் இருந்து அய்யலூர் வரும் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தான். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வடமதுரை வருவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டான்.

"மாப்ள, ஒரு கிரிப்டோ வாலட் ஆப் பண்றேன்டா. புராஜெக்டுக்கும் ஆச்சு, பிளே ஸ்டோர்ல போட்டா பிசினசுக்கும் ஆச்சு. பாதிக் கோடு கிட்ஹப்புல கிடக்கு, மீதிய ஏஐ எழுதிக் குடுத்துரும். கணக்கு வழக்க நீ பாத்துக்க. ஆரம்பத்துல நம்ம ஆளுக ஐம்பது பேர் இருந்தாப் போதும்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த வாரம் வியாழக்கிழமை சந்தைக்குப் போனேன். வெளியூர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் ஊரில் வியாழக்கிழமை என்றால் ஆட்டுச் சந்தை. விடியும் முன்பே வண்டிகள் வந்துவிடும். தீபாவளிக்கு முந்தின வாரம் என்றால் நிற்க இடம் இருக்காது. என் பெரியப்பா முப்பது வருஷமாக அங்கே ஆடு வாங்கி விற்கிறவர். என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"ஏப்பா, உன் கூட்டாளி ஏதோ போன்ல காசு வெக்கிற டப்பா செய்றானாமே. நீயும் அதுல கூட்டாமே. ஒரு இருவதாயிரம் போட்டுப் பாக்கட்டுமா?"

"அது என்னன்னு தெரியுமா பெரியப்பா?"

"எனக்கு என்ன தெரியும்? அதான் நீ இருக்கேல்ல."

இந்தக் கடைசி வார்த்தைதான் ஒரு வாரம் தூங்க விடாமல் செய்தது. பல்லைப் பிடித்துப் பார்க்காமல் ஒரு ஆட்டுக்கு விலை சொல்லாத மனுஷன் அவர். ஆப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் இருபதாயிரம் தரத் தயாராகிவிட்டார். அவர் நம்பியது ஆப்பை இல்லை, என்னை. நான் அந்த ஆப்பில் ஒரு வரிகூட எழுதியதில்லை. என் நண்பன் கேட்ட அந்த "நம்ம ஆளுக ஐம்பது பேர்" எல்லோருமே இப்படி யாரோ ஒருவரின் முகத்தை நம்பித்தான் வருவார்கள். அதனால்தான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் எனக்குப் புரிந்ததையும் தோன்றியதையும் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயரே தப்பு. வாலட் என்றால் பர்ஸ், பர்ஸில் காசு இருக்கும். கிரிப்டோ வாலட்டுக்குள் காசு எதுவும் கிடையாது. எந்த முகவரியில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு, பிளாக்செயின் என்கிற பொதுப் பேரேட்டில் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் கிடக்கிறது. (பேரேடு என்றதும் காமர்ஸ்காரனுக்கு ஒரு பாசம் வந்துவிடும், மன்னிக்கவும்.) அந்தக் கணக்கிலிருந்து ஒரு தொகையை நகர்த்த ஒரு ரகசிய எண் வேண்டும். அதுதான் சாவி. அந்தச் சாவியை உருவாக்கி, பத்திரமாக வைத்து, வெளியே காட்டாமலேயே அதைக் கொண்டு கையெழுத்துப் போட்டுக்கொடுக்கும் மென்பொருள்தான் வாலட். சாவிக்கொத்து என்று பெயர் வைத்திருந்தால் பாதிக் குழப்பம் வந்திருக்காது.

சாவி என்றால் திண்டுக்கல் மாவட்டத்துக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். போன வருஷம் எங்கள் வீட்டு பீரோ சாவி தொலைந்தது. அப்பா திண்டுக்கல் போய் பூட்டு வேலை செய்யும் ஒரு பெரியவரை பைக்கில் கூட்டி வந்தார். ஒரு கம்பி, ஒரு அரம், பத்து நிமிஷம். கதவு திறந்துவிட்டது. அம்மாவுக்கு சந்தோஷம் தாங்கவில்லை, காபி போட உள்ளே போனார். எனக்கு மட்டும் லேசாக பயம். இவ்வளவு சுலபமா என்று என் முகத்தில் எழுதி இருந்தது போல. பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தெறக்கத் தெரியாதவன் பூட்டு செய்ய முடியாது தம்பி. தெரிஞ்சவன் கை வெச்சான்னா அன்னையோட தொழில் போச்சு."

அவரிடம் திறமையும் இருந்தது, நம்பிக்கையும் இருந்தது. அவர் முகம், அவர் கடை, அவர் தெரு எல்லாம் எங்களுக்குத் தெரியும். ஒன்று காணாமல் போனால் யார் வீட்டுக்குப் போய் நிற்பது என்றும் தெரியும். கிரிப்டோ வாலட் செய்கிறவனுக்கு இந்த வசதி இல்லை. உங்கள் சாவியைத் திரும்ப உண்டாக்கித் தர அவனால் முடியும் என்றால், உங்கள் காசை எடுக்கவும் அவனால் முடியும். அவன் நல்லவனாகவே இருந்தாலும், அவன் கணினிக்குள் புகுந்தவனால் முடியும். அவனால் முடியாது என்றால், நீங்கள் சாவியைத் தொலைத்த அன்றே எல்லாம் போச்சு. கம்பியும் அரமும் கொண்டு எந்தப் பெரியவரும் வரமாட்டார். இந்த இரண்டில் எது என்பதை வாலட் செய்கிறவன் முதல் நாளே முடிவு செய்தாக வேண்டும்.

என் நண்பன் முடிவு செய்திருந்தான், ஆனால் முடிவு என்று தெரியாமலேயே. "எல்லாரோட சாவிக்கும் ஒரு காப்பி நம்ம சர்வர்ல இருக்கும்டா. யாராச்சும் மறந்துட்டா எடுத்துக் குடுத்துரலாம்" என்றான். கேட்க நல்ல மனசு மாதிரிதான் இருக்கிறது. ஐம்பது வீட்டு பீரோ சாவியையும் நகல் எடுத்து தன் வீட்டு ஆணியில் மாட்டி வைத்துக்கொள்வதாக அந்தப் பூட்டுக்காரர் சொல்லியிருந்தால் நாம் ஒப்புக்கொள்வோமா?

இப்படி மொத்தச் சாவியையும் ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. 2024 ஜூலை 18, அதுவும் ஒரு வியாழக்கிழமை. வசிர்எக்ஸ் என்ற இந்திய கிரிப்டோ எக்ஸ்சேஞ்சின் வாலட் ஒன்றிலிருந்து சுமார் 23 கோடி டாலர், நம் கணக்கில் ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய், ஒரே நாளில் போனது. வாடிக்கையாளர்களின் சொத்தில் கிட்டத்தட்ட பாதி. அவர்கள் ஒன்றும் என் நண்பனைப் போல சாவியை ஆணியில் மாட்டி வைத்தவர்கள் இல்லை. அந்த வாலட்டுக்கு ஆறு கையெழுத்துக்காரர்கள். ஐந்து பேர் வசிர்எக்ஸ் ஆட்கள், ஆறாவது லிமினல் என்ற பாதுகாப்பு நிறுவனம். வசிர்எக்ஸ் ஆட்கள் மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, கடைசியில் லிமினலும் ஒப்புக்கொண்டால்தான் பணம் நகரும். பேங்க் லாக்கர் மாதிரிதான். உங்கள் சாவி ஒன்று, மேனேஜர் சாவி ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும்.

அப்புறம் எப்படிப் போனது? வசிர்எக்ஸ் சொன்ன விளக்கம், திரையில் தெரிந்தது ஒன்று, உண்மையில் கையெழுத்தானது வேறொன்று என்பது. லிமினல் அதை மறுத்தது, தப்பு எங்கள் பக்கம் இல்லை என்றது. இரண்டு பேரும் மாறி மாறிக் கைகாட்டினார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா மூன்றும் சேர்ந்து, இது வட கொரிய ஹேக்கர்களின் வேலை என்று அறிக்கை விட்டன. அதற்குள் வாடிக்கையாளர்களின் நாணயங்கள் முடங்கி மாதங்கள் ஓடிவிட்டன. விவகாரம் சிங்கப்பூர் நீதிமன்றம் வரை போய், 2025 அக்டோபரில்தான் எக்ஸ்சேஞ்ச் திரும்பத் திறந்தது. கிட்டத்தட்ட 15 மாதம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி (பாதிக்கப்பட்டவர்கள் மன்னிக்க!) சென்னையில் நடந்தது. சென்னையில் இருந்து பணம் கட்டிய ஒரு பெண் முதலீட்டாளர் 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய்க்கு 3,532 எக்ஸ்ஆர்பி நாணயம் வாங்கியிருந்தார். திருடு போனது வேறு வகை நாணயங்கள். ஆனாலும் நஷ்டத்தை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்று அவருடையதையும் சேர்த்து முடக்கினார்கள். அவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2025 அக்டோபர் 25 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பு சொன்னார். கிரிப்டோ என்பது தொட்டுப் பார்க்கக் கூடியதும் இல்லை, நாட்டின் பணமும் இல்லை. ஆனால் அது ஒரு சொத்து, ஒருவர் அதை அனுபவிக்கலாம், இன்னொருவருக்காக நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கவும் செய்யலாம் என்பது அதன் சாரம். அந்தப் பெண்ணின் நாணயத்துக்கு ஈடாக சுமார் 9.56 லட்சம் ரூபாய்க்கு உத்தரவாதம் கொடுக்கவும் சொன்னார்.

எங்கள் வணிகச் சட்டப் பாடத்தில் இதைப் படித்திருக்கிறோம். நண்பர்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை, பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி படித்தது. நான் பேங்கில் போட்ட பணம் பேங்குக்குக் கடன். அவர்கள் அதை எடுத்து யாருக்கும் கொடுக்கலாம், என்னிடம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவரிடம் பொருளை ஒப்படைத்து வைத்தால் அது இன்னமும் என் பொருள்தான். அவர் காவல்காரர். பக்கத்து வீட்டுப் பொருள் திருடு போனது என்பதற்காக என் பொருளில் அவர் கை வைக்கக் கூடாது. அடுத்தவன் சாவியை ஆணியில் மாட்டும் நிமிஷமே ஒருவன் ஆப் செய்கிறவன் என்ற நிலையிலிருந்து காவல்காரன் ஆகிவிடுகிறான் என்பதை இந்தத் தீர்ப்பைப் படித்தபோதுதான் முழுசாக உணர்ந்தேன். சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. பிறருடைய கிரிப்டோவைத் தொழிலாகப் பாதுகாத்துக் கொடுப்பவர்களை 2023 மார்ச்சில் மத்திய அரசு பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. எஃப்ஐயுவில் பதிவு செய்ய வேண்டும், வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்க வேண்டும், கணக்கு வைக்க வேண்டும். "கணக்கு வழக்க நீ பாத்துக்க" என்று என் நண்பன் லேசாகச் சொன்னானே, அதற்கு அர்த்தம் இதுதான்.

இதையெல்லாம் சொன்னதும் நண்பன், "சரிடா, சாவிய அவங்கவங்க போன்லயே வெச்சுருவோம். நமக்கு வேண்டாம். அப்ப ஓகேதானே?" என்றான். அது சரியான திசை. ஆனால் அங்கேதான் திறமை பற்றிய கேள்வியே ஆரம்பிக்கிறது.

சாவியை உருவாக்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள். குருட்டாம்போக்கில் ஒரு பெரிய எண்ணைப் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். பன்னிரண்டு மீட்புச் சொல் கொண்ட வாலட்டில் அந்த எண் 39 இலக்கம் வரை போகலாம். யாராலும் ஊகிக்க முடியாது. ஆனால் கணினிக்கு குருட்டாம்போக்கு வராது, சொல்லிக்கொடுக்க வேண்டும். லிப்பிட்காயின் எக்ஸ்புளோரர் என்ற கருவியின் சில பதிப்புகள் அந்த எண்ணைப் பொறுக்கக் கணினியின் கடிகாரத்தை மட்டும் நம்பின. அதனால் வரக்கூடிய சாவிகள் மொத்தமே சுமார் 429 கோடி. நமக்கு அது பெரிய எண். கணினிக்கு அது ஒரு நாள் வேலைகூட இல்லை. 2023 ஜூலையில் திருடர்கள் வரிசையாக எல்லாச் சாவியையும் போட்டுப் பார்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த ஓட்டைக்கு மில்க் சேட் என்று பெயர். கடிகாரத்தைப் பூஜ்யத்தில் வைத்தால் வரும் மீட்புச் சொற்களில் முதல் இரண்டும் அவைதான். பாலும் சோகமும். பொருத்தமான பெயர். இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கருவி நன்றாக வேலை செய்தது. சாவி வந்தது, காசு போனது, வந்தது. எந்த இடத்திலும் தப்பு என்று தெரியவில்லை. சாதாரண ஆப்பில் தப்பு இருந்தால் ஆப் நின்றுவிடும். வாலட்டில் தப்பு இருந்தால் ஆப் ஓடிக்கொண்டே இருக்கும், காசு மட்டும் இருக்காது.

இன்னொன்று, ஸ்லோப் என்ற வாலட். ஆப்பில் ஏதாவது பிழை வந்தால் தெரிந்துகொள்வதற்காக எல்லா ஆப்காரர்களும் பிழைக் குறிப்புகளைத் தங்கள் சர்வருக்கு அனுப்ப வைப்பார்கள். ஸ்லோப் அனுப்பிய குறிப்புகளில் வாடிக்கையாளர்களின் மீட்புச் சொற்களும் அப்படியே போயிருந்தன. 2022 ஆகஸ்டில் சொலானா நெட்வொர்க்கில் 9,000க்கும் மேற்பட்ட வாலட்கள் காலியானபோதுதான் இது வெளியே தெரிந்தது. திருட நினைத்து யாரும் அப்படி எழுதவில்லை. பழக்கதோஷம்.

பாதிக் கோடு கிட்ஹப்பில் கிடக்கிறது என்று சந்தோஷப்பட்டானே, அதற்கும் ஒரு கதை உண்டு. ஈவன்ட் ஸ்ட்ரீம் என்று ஒரு சின்ன நிரல், வாரத்துக்கு லட்சக்கணக்கான முறை இறக்கப்படுவது. எழுதியவருக்கு அதில் ஆர்வம் போய்விட்டது. யாரோ ஒருவர் வந்து நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பாவம், கொடுத்துவிட்டார். புது ஆள் அதற்குள் இன்னொரு நிரலைச் செருகினார். அது வேறு யாரையும் தொடவில்லை, கோபே என்ற பிட்காயின் வாலட்டுக்குள் போனால் மட்டும் விழித்துக்கொண்டு சாவியைத் திருடும்படி எழுதப்பட்டிருந்தது. 2018 நவம்பரில் கண்டுபிடித்தார்கள். கோபே செய்தவர்கள் அந்தப் புது ஆளைப் பார்த்ததே இல்லை. அவர்கள் நம்பியவர் நம்பிய ஒருவர், அவ்வளவுதான். என் பெரியப்பா செய்ததும் அதேதானே.

சரி, இவை எல்லாவற்றையும் ஒருவன் சரியாகச் செய்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். கடைசியாக ஒரு இடம் இருக்கிறது. அங்கே எவ்வளவு கணிதம் தெரிந்தாலும் ஒரு ஆளை நம்பித்தான் ஆக வேண்டும். அது திரை. "இன்னாருக்கு இவ்வளவு போகிறது, சம்மதமா?" என்று காட்டும் அந்தத் திரை உண்மை சொல்கிறதா?

2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் என்ற எக்ஸ்சேஞ்சில் நடந்தது இதுவரை நடந்த கிரிப்டோ திருட்டுகளிலேயே பெரியது, சுமார் 150 கோடி டாலர். அவர்கள் பயன்படுத்தியது சேஃப் என்ற பேர்பெற்ற வாலட். திருடர்கள் பைபிட் பக்கமே போகவில்லை. சேஃப் நிறுவனத்தில் வேலை பார்த்த ஒரு டெவலப்பரின் கணினிக்குள் புகுந்து, அங்கிருந்து வாலட்டின் திரையைக் காட்டும் நிரலை மாற்றினார்கள். பைபிட் ஆட்கள் பார்த்தது வழக்கமான ஒரு பரிமாற்றம். கையெழுத்தானது வாலட்டையே திருடன் கையில் கொடுக்கும் உத்தரவு. வேலை முடிந்த சில நிமிஷத்தில் பழைய நிரலைத் திரும்ப வைத்துவிட்டார்கள்.

நம் ஊரில் இதற்குப் பழைய பெயர் உண்டு. வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து. அவசரத்துக்குக் கடன் வாங்கும்போது ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டு, தொகை எழுதும் இடத்தைக் காலியாக விட்டுக் கொடுத்துவிட்டு, பிற்பாடு நீதிமன்றத்தில் நின்றவர்கள் எத்தனை பேர்! கையெழுத்து உண்மை. சாவி உண்மை. எழுதியிருப்பதுதான் பொய். மூன்று பேர் கையெழுத்துப் போட்டாலும் மூன்று பேரும் ஒரே கண்ணாடி வழியாகப் பார்த்தால் அது ஒரே கையெழுத்துதான். இதை எங்கள் ஆடிட்டிங் பாடம் வேறு வார்த்தையில் சொல்கிறது. வவுச்சர் எழுதுகிறவனும் சரிபார்க்கிறவனும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. சரிபார்க்கிறவன் எழுதியவன் காட்டியதை மட்டும் பார்க்கக் கூடாது, தானாகப் போய் மூல ஆவணத்தைப் பார்க்க வேண்டும்.

அதனால்தான் எனக்கு ஒரு அபிப்பிராயம் உறுதியாகிவிட்டது. வாலட் செய்வதற்குத் தேவையான திறமையில் கோடு எழுதுவது பாதிதான். மீதிப் பாதி, தன்னையே நம்பாமல் இருக்கும் பழக்கம். தன் லேப்டாப் நாளைக்குத் திருடன் கையில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இன்றைக்கு வேலை செய்வது. தனியாக எதையும் வெளியிட முடியாதபடி தன் கையைத் தானே கட்டிக்கொள்வது. எழுதிய நிரலை ஊருக்கே திறந்து வைத்து, பிளே ஸ்டோரில் இருக்கும் ஆப் இந்த நிரலில் இருந்துதான் வந்தது என்று யார் வேண்டுமானாலும் தாங்களே உருவாக்கி ஒப்பிட்டுப் பார்க்கும்படி செய்வது. பேங்க் ரீகன்சிலியேஷன் போடுகிற மாதிரி. "நான் நல்லவன், என்னை நம்புங்கள்" என்கிறவனை விட, "என்னை நம்பத் தேவையில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அதற்கு வழியும் செய்து வைக்கிறவன் தான் வாலட் செய்யத் தகுதியானவன். பூட்டுக்காரப் பெரியவருக்கு முகம் போதும். திரைக்குப் பின்னால் இருப்பவனுக்கு அது போதாது.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல். நிரலைத் திறந்து வைத்தால் பெரியப்பா படித்துப் பார்க்கப் போகிறாரா? அந்த மீட்புச் சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலில் இருந்து பன்னிரண்டை வாலட் கொடுக்கும், வரிசை மாறாமல் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கிறது, ஜப்பானிய மொழியில், கொரிய மொழியில், செக் மொழியில்கூட இருக்கிறது. தமிழில் இல்லை. அய்யலூர் சந்தையில் ஆடு விற்பவர் பன்னிரண்டு ஆங்கிலச் சொல்லை எழுத்துப் பிழை இல்லாமல் ஒரு தாளில் எழுதி, கரையான் அரிக்காத இடத்தில் வைத்து, போனில் "கஸ்டமர் கேர்ல இருந்து பேசறோம்" என்று எவன் கேட்டாலும் சொல்லாமல் இருக்க வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் யாரிடம் கொடுப்பார்? என்னிடம்தான். "நீ எழுதி வெய்யிப்பா." ஆக, சாவி மறுபடியும் வேறொருவன் கையில். எந்தக் கணிதமும் இதைத் தடுக்காது. இதைத் தடுக்கிற மாதிரி ஒரு திரையை, ஒரு விளக்கத்தை, தமிழில் யோசித்துச் செய்வது பெரிய வேலை. என் நண்பனுக்கு இதில் நிஜமாகவே ஒரு இடம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அவனிடம் இதையெல்லாம் டீக்கடையில் வைத்துச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

"எல்லாரும் இப்படியே பயந்துட்டு இருந்தா யாருடா செய்யறது? அதெல்லாம் செஞ்சவனும் ஒரு நாள் காலேஜ் பையன்தானே?"

இந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. அதில் நியாயம் இருந்தது. 2017 நவம்பரில் பாரிட்டி என்ற வாலட்டின் பொது நிரலை ஒருவர் விளையாட்டாக நோண்டப்போய் அழித்துவிட்டார். 587 வாலட்களில் இருந்த 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஈதர் அப்படியே பூட்டிக்கொண்டது. பாரிட்டி நிறுவனத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர் கேவின் வுட், எத்தீரியத்தையே உருவாக்கியவர்களில் ஒருவர். இந்தத் துறையில் அவரை விடத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆக, பெரிய ஆளாக ஆன பிறகு செய்கிறேன் என்பதும் பாதுகாப்பு இல்லை. எப்படியும் தப்பு வரும். கேள்வி, அந்தத் தப்பு யார் காசில் நடக்கிறது என்பதுதான்.

அதனால் என் பதிலை இப்படிச் சொன்னேன். வாலட் செய். கணக்கு நான் பார்க்கிறேன். ஆனால் ஒரு வருஷத்துக்கு டெஸ்ட்நெட்டில் மட்டும். (டெஸ்ட்நெட் என்றால் மதிப்பே இல்லாத நாணயங்களை வைத்துப் பழகும் மைதானம்.) யாருடைய சாவியும் நம் சர்வருக்கு வரக் கூடாது. நிரல் முழுக்க வெளியே இருக்க வேண்டும். உன் கல்லூரியில் உன்னைப் பிடிக்காத நாலு பேரைக் கூப்பிட்டு உடைக்கச் சொல், நண்பர்களைக் கூப்பிடாதே. உன் லேப்டாப்பில் சினிமா இறக்குகிறாயே, அதில் இந்த வேலை கூடாது. முக்கியமாக, என் பெயரைச் சொல்லி யாரையும் சேர்க்கக் கூடாது.

கடைசிக் கட்டளைதான் அவனைக் கோபப்படுத்தியது. "அப்ப என் மேல நம்பிக்கை இல்லன்னு சொல்லு" என்றான். லேப்டாப் விஷயத்தில்கூட இவ்வளவு கோபம் வரவில்லை. அவனுக்கு 2025 ஜூலையில் காயின்டிசிஎக்ஸ் எக்ஸ்சேஞ்சில் 4.4 கோடி டாலர் போன கதையைச் சொன்னேன். பகுதிநேர வேலை என்று ஆசை காட்டி, அங்கே வேலை பார்த்த ஒரு மென்பொறியாளரின் ஆபீஸ் லேப்டாப் வழியாகப் புகுந்தார்கள் என்று பெங்களூரு போலீஸ் சொன்னது. கைதானவர் அந்தப் பொறியாளர். நஷ்டத்தை நிறுவனமே தன் கையிருப்பில் இருந்து ஏற்றுக்கொண்டது. "நமக்குக் கையிருப்பு எவ்வளவு இருக்கு மாப்ள?" என்று கேட்டேன். டீக்கு அவன்தான் காசு கொடுத்தான், பேசாமல் போய்விட்டான்.

ஒன்பது நாள் கழித்து மெசேஜ் வந்தது. டெஸ்ட்நெட் வேலை ஆரம்பித்துவிட்டானாம். மீட்புச் சொற்களைத் தமிழில் விளக்கும் திரைக்கு என்ன எழுதலாம் என்று கேட்டிருந்தான். "இதை என்னிடமும் சொல்லாதீர்கள்" என்று முதல் வரி வைக்கச் சொல்லி இருக்கிறேன்.

பெரியப்பாவிடம் இன்னும் எளிதாக முடிந்தது. வேண்டாம் பெரியப்பா, அவன் இன்னும் பழகுகிறான், காசு போனால் நான் பொறுப்பு ஏற்க முடியாது என்றேன். போதாததற்கு, லாபம் வந்தால் 30 சதவீதம் வரி, ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது, 2022-ல் இருந்து இதுதான் சட்டம் என்று என் படிப்பையும் கொஞ்சம் காட்டினேன். நான் பேசி முடிக்கும் வரை ஒரு கிடாவின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானப்பா" என்றார். அந்த இருபதாயிரத்தில் ரெண்டு கிடா பிடித்துக் கட்டியிருக்கிறார். தீபாவளிச் சந்தைக்கு.